இரண்டாவது இடத்தில் ஒரு பிஸ்தா

லல்லா என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும் பெய்யாவின் வீட்டிலிருந்து அலங்கோலமான கிண்ணம் ஒன்று வெளியே போயிற்று என்று தூனிஸ் நகரத்தில் எவளும் சொல்லிவிட முடியாது. மீலாது நாளன்று அவள் அனுப்பும் அஸீதாவைத் தின்பதற்கு முன்னால் பெண்கள் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பைன் விதையை அரைத்து வடிகட்டிக் காய்ச்சிய கறுப்புக் களி, அதன்மேல் வெள்ளைப் பாலேடு, அந்த வெள்ளையின்மேல் பருப்புகளால் அவள் போடும் கோலம். நூல் பிடித்துப் பார்த்தாலும் இம்மி பிசகாது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மன்னூபியா மூன்று வருஷமாக அந்தப் பாலேட்டின் பக்கம் விரலை நீட்டியதில்லை. நீட்ட விட்டால்தானே!

இந்த வருஷம் அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

“மாமி, கமர் வீட்டுக்குப் போற கிண்ணத்தை மட்டும் நான் அலங்காரம் பண்றேனே.”

பெய்யா அகப்பையை அடுப்பு மேட்டில் வைத்துவிட்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன், எனக்குக் கை விளங்காமப் போச்சா?”

“அதுக்கில்ல மாமி. ஆசையா இருக்கு.”

வேறு வருஷமாக இருந்தால் பெய்யா இதற்கு ஒரு பாட்டம் பேசி முடித்திருப்பாள். ஆனால் ஊரைப் பிடித்துக்கொண்ட ஜெர்மன்காரர்கள் ஜனவரியில் அவள் மகன் தாஹரை வீட்டு வாசலிலிருந்தே லாரியில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து இந்தப் பெண் வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை. “சரி, பண்ணித் தொலை. இருக்கிறது ஒரே ஒரு பிஸ்தா, ஒரே ஒரு பாதாம். கீழ போட்டே, அப்புறம் இருக்கு உனக்கு!” என்று சொல்லிவிட்டு அவள் முற்றத்துக்குப் போனாள்.

மன்னூபியா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விளிம்பில் ஓரிடத்தில் உடைந்த பச்சைக் கிண்ணம் அது. உடைசலை இடது கைப் பக்கம் வைத்து, அங்கிருந்து விளிம்பை ஒட்டி வில்லாக வளைத்து ஏழு பருப்புகளை வைத்தாள். முதலாவது ஹேசல் கொட்டை. இரண்டாவது இடத்தில் அந்த ஒரே பிஸ்தா. மூன்றாவது மறுபடி ஹேசல் கொட்டை. நாலாவது, தோல் உரித்த வெள்ளைப் பாதாம். மிச்சம் மூன்றும் ஹேசல் கொட்டை. கிண்ணத்தின் மறுபாதி வெறும் பாலேடாகவே கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் அது அழகுக்காக வைத்ததல்ல.

ஏரிக்கரையில் இரயில் தடத்தை ஒட்டி வில்லாக வளைந்து ஏழு கிடங்குகள் நிற்கின்றன. முன்பு ஆலிவ் எண்ணெய் வைத்திருந்த இடம். இப்போது ஜெர்மன் டாங்கிகளுக்கான பெட்ரோலை அங்கேதான் அடைத்து வைத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் பம்பு மெக்கானிக்காக இருந்த தாஹரும் இன்னும் ஒன்பது மெக்கானிக்குகளும், யூதர் தெருக்களிலிருந்து இழுத்து வரப்பட்ட முப்பது பேரும் அங்கே சம்பளமில்லாமல் பீப்பாய் உருட்டுகிறார்கள். வியாழக்கிழமை மட்டும் பெண்டாட்டிமார் கம்பி வேலியோரம் வந்து சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போகலாம். நேற்று தூக்கை வாங்கும்போது தாஹர் குனிந்தபடியே பேசினான்.

“நல்லாக் கேட்டுக்கோ, திருப்பிச் சொல்ல நேரமில்ல. பெட்ரோல் பூரா ரெண்டாவதுக்கு மாத்திட்டான். எங்களை நாலாவதுல போட்டுப் பூட்டுறான். நாப்பது பேர்.”

“நாலாவதுலயா? ஏன்?”

“நாலாவதுலதான் பெட்ரோல்னு இங்கிலீஷ்காரனுக்குத் தெரிஞ்சுபோச்சாம். வந்து குண்டைப் போடட்டும்னுதான்.” அதற்குள் காவல்காரன் திரும்பினான். தாஹர் உடனே குரலை உயர்த்தி, “உப்பும் இல்ல உறைப்பும் இல்ல, இதெல்லாம் ஒரு சமையலா?” என்று கத்தினான். உப்பு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நாலாவதில் பெட்ரோல் இருக்கிறது என்று போன மாதம் கமருக்குச் செய்தி கொண்டுபோனவளே மன்னூபியாதான். அப்போது அது உண்மை. கமர் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவள் அதை யாரிடம் சொல்வாள், அவர் எந்த வீட்டிலிருந்து கம்பியில்லாத் தந்தி தட்டுவார் என்பதெல்லாம் மன்னூபியாவுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடு. சனிக்கிழமை நடுப்பகலில் விமானங்கள் வரும், அதற்கு முன்னால் கடைசி விவரம் வேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிகிற நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் மீலாதும்.

வாயால் சொல்வதற்கில்லை. கமரின் வீட்டு மாடியை இரண்டு மாதமாக ஒரு ஜெர்மன் கேப்டன் எடுத்துக்கொண்டிருந்தான். லெம்கே என்று பெயர். அரபு தெரிந்தவன். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் காதோடு காதாகப் பேசினார்கள் என்பதற்காகவே அவர்களை விசாரணைக்கு அனுப்பி வைத்தவன். ஆனால் மீலாது நாளில் யார் வீட்டுக்கு யார் கிண்ணம் கொண்டு போனாலும் கேட்பாரில்லை. பச்சை என்றால் பெட்ரோல், வெள்ளை என்றால் மனிதர்கள், உடைசலிலிருந்து எண்ண வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

மன்னூபியா உள்ளே போய் வெள்ளை ஸஃப்ஸாரியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்தபோது, கிண்ணம் ஏற்கெனவே துணி போட்டு நாலு முனையும் முடிந்து தயாராக இருந்தது. பெய்யா போட்ட முடிச்சு. பல்லால் கடித்தாலும் அவிழாது. “ஆடாம அசையாமப் போ. கிண்ணத்தைப் பாத்து நட, ஆம்பளைங்களைப் பாக்காத” என்று மாமியார் கதவைத் திறந்துவிட்டாள்.

தெரு முழுக்கக் கிண்ணங்கள். போருக்கு முன்னால் போல இல்லை. சர்க்கரை கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிறது, பல வீடுகளில் பேரீச்சம்பழச் சாற்றைக் காய்ச்சித்தான் இனிப்புச் சேர்த்திருந்தார்கள். இருந்தாலும் பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வளைவு வாசலில் நின்ற ஜெர்மன் சிப்பாய் காலையிலிருந்து அறுபது கிண்ணமாவது முகர்ந்து பார்த்து அலுத்துப்போய், போ போ என்று கையை ஆட்டினான். கமர் வாசலிலேயே வந்து வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் முற்றத்தில் ஒரு மேசை போட்டு, வந்த கிண்ணங்களையெல்லாம் வரிசையாக வைத்து, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு லெம்கே உட்கார்ந்திருந்தான். நம் ஊர்ச் சடங்குகளை எழுதிப் புத்தகம் போடப் போகிறானாம். அடுத்தவன் வீட்டைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து அவன் வீட்டுச் சடங்கை எழுதுவதற்கும் ஒரு தனி முகம் வேண்டும்.

திரும்பி வரும்போது மன்னூபியாவின் கால் தரையில் பாவவில்லை. வேலை முடிந்தது, தாஹர் பிழைத்துக்கொண்டான் என்று நெஞ்சு முழுக்க ஒரு குளிர்ச்சி. வீட்டுக்குள் நுழைந்து ஸஃப்ஸாரியைக் கழற்றினாள். பெய்யா சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“கமர் பாத்தாளா? என்ன சொன்னா?”

“பிரிக்கலை மாமி. வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க.”

“பிரிச்சுப் பாத்தா மலைச்சுப் போவா. நீ வச்சிருந்ததை அப்படியே அனுப்பியிருந்தேன்னு வையி, தெருவே கூடிச் சிரிச்சிருக்கும். ஒரு பக்கம் நிறைய, ஒரு பக்கம் மொட்டை. பச்சை ஒரு மூலையில, வெள்ளை ஒரு மூலையில. நல்லவேளை, நீ துணி போத்திக்கப் போன நேரத்துல நான் சரி பண்ணிட்டேன்.”

மன்னூபியாவுக்குக் காது அடைத்தது. “என்ன பண்ணீங்க?”

“பிஸ்தாவை நட்டநடுவுல வச்சேன். பாதாமை ரெண்டாப் பிளந்து அந்தக் கோடியில ஒண்ணு, இந்தக் கோடியில ஒண்ணு. இப்பத்தான் கண்ணுக்கு லட்சணமா இருக்கு. ஒரு கொட்டை மிஞ்சிச்சு, வாயில போட்டுக்கிட்டேன்.”

ஏழில் நட்டநடு நாலாவது. பச்சை நாலாவதில். விமானங்கள் ஏற்கெனவே நாலாவதைக் குறித்து வைத்திருக்கின்றன. இப்போது இந்த வீட்டுக் கிண்ணமே போய் ஆமாம் என்று தலையாட்டப் போகிறது. அதுவும் தாஹரைப் பெற்றவளின் கையால்.

மன்னூபியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெய்யா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். “என்னடி ஆச்சு? மயக்கமா?” சட்டென்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். “குளிச்சு எத்தனை நாளாச்சு உனக்கு?”

தாஹரை ஜனவரியில் பிடித்துக்கொண்டு போனார்கள், இது மார்ச் என்பதுகூட அந்த ஆசைக்கு மறந்துபோயிருந்தது. மன்னூபியா மாமியாரின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். சொன்னாள். வேலியோரம் தாஹர் சொன்னதிலிருந்து பச்சை, வெள்ளை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது லல்லா பெய்யா தன் கைகளை விடுவித்துக்கொண்டாள். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியில் இன்னும் பாலேடு ஒட்டியிருந்தது.

“என் புள்ளைக்கு நானே குழி வெட்டிட்டேனா?”

“இன்னும் இல்ல மாமி. ஜும்மா முடிய நேரம் இருக்கு. இன்னொரு கிண்ணம் வைக்கலாம்.”

“எதை வச்சு? ஊர்லயே அந்த ஒரு பிஸ்தாதான். போன வருஷத்து மிச்சம், ஊசிப் பெட்டியில ஒளிச்சு வச்சிருந்தேன்.” பெய்யா எழுந்தாள். “அந்தக் கிண்ணத்தையேதான் மாத்தணும். ஸஃப்ஸாரியை எடு.”

“மாமி, கொடுத்த கிண்ணத்தைத் திரும்பப் போய்த் தொடுறதா? யாராவது செய்வாங்களா?”

“செய்ய மாட்டாங்க. அவ்வளவு பெரிய அசிங்கம் இந்த ஊர்ல கிடையாது.” அவள் போர்வையை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். “நட.”

வளைவு வாசலில் அந்தச் சிப்பாய் இப்போது விழித்துக்கொண்டான். காலையிலிருந்து கிண்ணத்தோடு போன எல்லாரையும் விட்டவன், கையில் ஒன்றுமில்லாமல் ஓட்டமும் நடையுமாக வந்த இரண்டு பெண்களைத் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி நிறுத்தினான். அவனுக்கு அரபு தெரியாது. பெய்யாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனாலும் அவள் விடாமல் பேசினாள். மருமகளைக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், அழுதாள், கடைசியில் அவன் அம்மாவையும் விசாரித்தாள். இரண்டு நிமிஷம் தாங்கினான். பிறகு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். மன்னூபியாவுக்கு அந்த வயிற்றுச் சைகை எதற்கென்று அப்போது புரியவில்லை.

கமரின் முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். லெம்கே எல்லாக் கிண்ணங்களையும் பிரிக்கச் சொல்லியிருந்தான். பெய்யாவின் பச்சைக் கிண்ணம் அவனுக்கு நேர் முன்னால், நடுவில் பிஸ்தா பளிச்சென்று மின்ன, அழகாகத்தான் இருந்தது. கமர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த பழைய செய்தியைத்தானே கிண்ணம் மறுபடி சொல்கிறது.

லெம்கே கரண்டியை எடுத்தான். அவன் பேசும் அரபு பழைய ஏடுகளிலிருந்து படித்தது. சந்தையில் வெங்காயம் கேட்டாலும் பிரசங்கம் மாதிரிதான் வரும்.

“இப்பசுமணியே இதன் திலகம் போலும். இதனை யானே முதற்கண் சுவைப்பேன்” என்று கரண்டியைப் பிஸ்தாவுக்குக் கீழே நுழைத்தான்.

பட்டென்று ஓர் அடி விழுந்தது. கரண்டி தெறித்து மேசைக்கடியில் ஓடியது.

“கையை எடு!” என்றாள் லல்லா பெய்யா.

கமரின் கண்கள் ஒரு தடவை மன்னூபியாவின் மேல் வந்து போயின. லெம்கே தன் புறங்கையைப் பார்த்தான், சிவந்திருந்தது. மெதுவாக எழுந்து நின்றான். இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்கியது.

“அம்மையே, செர்மானியப் படைத்தலைவன் ஒருவனை அடித்தனை. இதன் விளைவு அறிவையோ?”

“பசிக்கு அவசரப்பட்டா என் புள்ளையையும் இப்படித்தான் அடிப்பேன். உக்காரு.” பெய்யா கிண்ணத்தைக் கையால் மறைத்தாள். “இந்தக் கிண்ணத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. அதைச் சரி பண்ணாம யாரும் தொடக்கூடாது.”

“யாது தப்பு? கொடுத்த கலத்தை மீண்டும் தீண்டுதல் உங்கள் மரபன்று எனக் கற்றுள்ளேன்.” அவன் கண்கள் சுருங்கின. “மரபு மீறுவோர் காரணமின்றி மீறார்.”

இங்கே பெய்யா பெண்கள் பக்கம் திரும்பினாள். அத்தனை பேரும் அவள் கைவேலையைக் கொண்டாடியவர்கள். அவள் வாய்க்குப் பயந்தவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. இவ என் மருமக. கல்யாணமாகி மூணு வருஷம், இன்னும் வயிறு திறக்கலை. நான் பேசாத பேச்சில்ல, இவ கேக்காத ஏச்சில்ல. இந்த மீலாதுக்குத் தன் கையாலயே ஒரு கிண்ணம் அலங்காரம் பண்ணித் தானம் பண்றதா இவ நேந்துக்கிட்டா. யாரும் கை வைக்கக்கூடாதுன்னு நேர்த்தி. பாவி நான், கோணலா இருக்குன்னு கலைச்சு என் இஷ்டத்துக்கு மாத்திட்டேன். என் பேரு கெட்டுடக்கூடாதுன்னு இவ நேர்த்தியைக் கெடுத்துட்டேன். குறை இவ வயித்துல இல்ல, என் வாயிலயும் கையிலயும்தான். இவ வச்ச மாதிரியே இவ கையால திருப்பி வைக்கட்டும்னுதான் ஓடி வந்தேன்.”

சொன்னது பொய். ஆனால் மன்னூபியா அழுததில் பொய் இல்லை. மூன்று வருஷமாக அடுக்களையிலும் குளியலறை வாசலிலும் அவள் விழுங்கிய பேச்சுக்கெல்லாம், ஊர் பார்க்க, ஒரு ஜெர்மன்காரன் பார்க்க, இந்த மனுஷி கணக்குத் தீர்த்துவிட்டாள். சுவரோரத்திலிருந்து ஒருத்தி விசும்பினாள். “அல்லாஹ் கொடுப்பான், லல்லா” என்று இன்னொருத்தி சொன்னாள்.

லெம்கேயின் முகம் மாறிவிட்டது. அவன் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தான். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான். “மகப்பேறு வேண்டி நோன்பு! இஃது எந்நூலினும் காணாத செய்தி. செய்க, பெண்ணே, செய்க.”

மன்னூபியா மேசையருகே போனாள். உடைசலை இடது கைப் பக்கம் திருப்பினாள். நடுவிலிருந்த பிஸ்தாவை இரண்டு விரலால் எடுத்து இரண்டாவது இடத்தில் வைத்தாள். இரு கோடியிலும் இருந்த பாதாம் பாதிகளை எடுத்து, இடையில் ஒரு துளி பாலேட்டைத் தடவி ஒட்டி முழுப் பாதாமாக்கி, நாலாவது இடத்தில் அழுத்தினாள். கோடியில் ஒன்றாவது இடத்துக்கு ஒரு ஹேசல் கொட்டை. மூன்று, ஐந்து, ஆறுக்கும் இருந்தது. ஏழாவது இடம் காலி.

அந்த மிஞ்சிய கொட்டையைப் பெய்யா வாயில் போட்டுக்கொண்டாளே!

ஏழில்லாமல் ஆறாக இருந்தால் கமர் இதைக் கிடங்குக் கணக்கு என்று எப்படி நம்புவாள்? மன்னூபியாவின் விரல் காலி இடத்தின் மேல் நின்றுவிட்டது. பெய்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். லெம்கே பென்சிலை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தையே பார்த்தான்.

“ஒன்று குறைகின்றது போலும்?”

“ஆமாங்க, ஏழு வைக்கணும்னு நேர்த்தி” என்றாள் மன்னூபியா. அவள் அவனோடு பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

“எனின், நோன்பு குறையுறல் ஆகாது.” அவன் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு ஹேசல் கொட்டையைப் பொறுக்கி எடுத்து, தன் கையாலேயே, பெரிய மனசோடு, ஏழாவது கிடங்கை அதன் இடத்தில் வைத்தான்.

கமர் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். இரண்டில் பச்சை. நாலில் வெள்ளை. “லல்லா, நேர்த்தி நிறைவேறட்டும். ஒரு துளியும் பிசகாம என் மனசுல வாங்கிக்கிட்டேன்” என்றாள் கமர்.

லெம்கே வரைந்து முடித்தான். உடைசல் முதற்கொண்டு ஏழு புள்ளிகளையும் அளவு பிசகாமல் வரைந்து, பச்சைக்கு ஒரு குறி, வெள்ளைக்கு ஒரு குறி போட்டுக் கீழே நாலு வரி எழுதினான். ஏழு வாரம் கழித்து நேச நாட்டு டாங்கிகள் தூனிஸுக்குள் வந்தபோது கட்டிய துணியோடு ஓடிய அவன், அந்த நோட்டுப் புத்தகத்தை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போனான். கமர் இன்றைக்கும் அதை வைத்திருக்கிறாள். தன் சேனையின் பெட்ரோல் கிடங்குக்குத் தானே படம் வரைந்து வைத்த கேப்டன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

“இனி உண்ணலாமோ?” என்று அவன் பெய்யாவைப் பார்த்துக் கேட்டான். அனுமதிதான் கேட்டான்!

“தாராளமா. கரண்டியைக் கழுவிட்டுத் தின்னு” என்றாள் பெய்யா.

பிஸ்தா, பாதாம், ஏழு கிடங்கு, ஏரிக்கரை, எல்லாவற்றையும் அவன் வழித்துச் சாப்பிட்டான். ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னபோது கமர் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, நோயாளி மாணவி ஒருத்தியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள். லெம்கே கையைக்கூட உயர்த்தவில்லை. வாய் நிறைய அஸீதா இருந்தது.

சனிக்கிழமை நடுப்பகலில் சங்கு ஊதியது. ஊரெல்லாம் நிலவறைக்கு ஓடியபோது மாமியாரும் மருமகளும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். போகாதே என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. தெற்கே, ஏரிக்கு மேலே, விமானங்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. பெய்யா மருமகளின் கையைப் பிடித்திருந்தாள்; பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது. ஒரு வெளிச்சம் எழுந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது. வீட்டுச் சுவர் அதிர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. கறுப்புப் புகை ஏரிக்கு மேலே மலை மாதிரி எழும்பிக்கொண்டே போயிற்று.

“எத்தனாவதுடி? எத்தனாவதுலேர்ந்து வருது?”

“தெரியலை மாமி. இங்கேர்ந்து எண்ண முடியலை.”

நிஜமாகவே முடியவில்லை. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி என்ன சொல்வது? பெய்யா அடுப்பை மூன்று தடவை மூட்டி மூன்று தடவை அணைத்தாள். மன்னூபியா ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டினாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் மாடிக் கதவு தட்டப்பட்டது. தெருக் கதவு இல்லை, மாடிக் கதவு. அடுத்தடுத்த வீட்டு மொட்டை மாடிகளைத் தாண்டி வந்தவன் கரி பூசின மாதிரி நின்றான். புருவம் பொசுங்கியிருந்தது; பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

“ரெண்டாவது போச்சு!” என்றான் தாஹர். “அது போன போக்குல மூணாவதுக்குக் கூரையே இல்ல, எங்களுக்குக் கதவு பிச்சுக்கிச்சு. காவல்காரனுங்க ஏரியில குதிச்சிட்டானுங்க. நாங்க நாப்பது பேரும் நடந்தே வெளிய வந்தோம். நாப்பது பேரும், அம்மா! ஒருத்தன் குறையலை!”

மன்னூபியா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரி அவள் முகமெல்லாம் அப்பியது. பெய்யா வாயில் கையை வைத்து ஒரு குலவை போட்டாள் பாருங்கள், நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். அப்புறம்தான், ஓடிவந்தவனை ஒளித்து வைக்க வேண்டுமே என்று நினைவு வந்து அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்ன லல்லா, விசேஷமா?” என்றாள். “நேத்து நேந்ததுக்குப் பலன் தெரியுது போல” என்று பெய்யா கூசாமல் சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

தாஹர் முகம் கழுவி உட்கார்ந்தான். பெய்யா உறியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை இறக்கி அவன் முன்னால் வைத்தாள். நேற்றுக் கமர் வீட்டிலிருந்து திரும்பி வந்ததும், சட்டியில் மிஞ்சியதை மகனுக்கென்று வழித்து வைத்து, இருந்த நாலு கொட்டையையும் மருமகளின் கையில் கொடுத்து அலங்காரம் பண்ணச் சொல்லியிருந்தாள். மன்னூபியாவுக்கு அந்தக் கலை வராது என்பது உண்மைதான். நாலும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. பெய்யா ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் வைக்கவில்லை.

தாஹர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இது உங்க கைவேலையா அம்மா? கழுதை மிதிச்சிட்டுப் போன மாதிரி இருக்கு!”

தலையில் நங்கென்று அகப்பை விழுந்தது.

“வாயை மூடிட்டுத் தின்னு” என்றாள் லல்லா பெய்யா. அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. “என் கைவேலையா இருந்தா நீ இதைத் தின்ன உயிரோட வந்திருக்க மாட்டே.”